அந்துருண்டை

ஜனவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணனுக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. வங்கிக்குப் போய்ப் படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், படியைக் கட்டியவள் நான்தான் என்பதுபோல. உன் வீட்டுக்காரரின் இருமல் நின்றதா?

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நடத்தும் பெண் ஆவணக் காப்பாளர் வட்டத்திலிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. 'வழிகாட்டித் திட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், வாழ்த்துகள்' என்று ஆரம்பித்திருந்தார்கள். வழிகாட்டியாக இருக்க விருப்பம் என்று எழுதிப் போட்டிருந்தேன் அல்லவா, அதற்குப் பதில் என்று சந்தோஷமாகப் படித்தேன். இரண்டாவது பத்தியில்தான் குட்டு வெளிப்பட்டது. நான் வழிகாட்டி இல்லையாம். வழிகாட்டப்படுபவளாம். எனக்கு வழி காட்டப் போகிறவள் ஒரு அருங்காட்சியகத்தில் பழைய காகிதங்களைப் பராமரிக்கும் பெண், வயது இருபத்தேழு. நான் இந்த நகராட்சியில் தட்டச்சராகச் சேர்ந்தபோது அவள் பிறக்கவே இல்லை.

பதிவறை என்று இன்று எல்லோரும் சொல்லும் இடம் அப்போது உடைந்த நாற்காலி போடுகிற கிடங்கு. எலிப் புழுக்கைக்கு நடுவில் நில அளவை வரைபடங்கள் கிடந்தன. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததைப் படித்து, பார்த்து, தப்பு செய்து, நானே கற்றுக்கொண்டேன். கதவில் என் பலகை தொங்குகிறது: 'பதிவறை அலுவலர் (பொறுப்பு)'. அந்த அடைப்புக்குறிக்குள் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன்.

இந்த வருடம்தான் அந்த வேலையை நிரந்தரமாக நிரப்பப் போகிறார்கள். பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் துறை சார்ந்த அமைப்பு ஒன்றின் அனுபவச் சான்று வேண்டும். மே மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். என்னிடம் பட்டம் இல்லை. சான்று தரக்கூடியது உன் வட்டம் ஒன்றுதான். அதன் தலைவி நீ. அப்படியிருந்தும் எனக்கு இப்படி ஒரு கடிதம்.

போன் செய்யாதே. போனில் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். எழுது. எழுதினால்தான் நிற்கும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உனக்கு இந்தத் தடவை இல்லை.

அண்ணி

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு எழுதுகிறேன். அவருக்கு இருமல் நின்றுவிட்டது, இப்போது எனக்குப் பிடித்துக்கொண்டது. அண்ணனை லிப்ட் இருக்கும் வங்கிக் கிளைக்கு மாறச் சொல்லுங்கள். கேட்க மாட்டார், அவருக்கு அந்தக் காசாளரோடு அரட்டை அடிக்க வேண்டும்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் என் கையில் சான்று இல்லை. நான் உங்கள் நாத்தனார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பெயர் வந்தாலே நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும், நாங்களே வைத்த வழக்கம். பட்டம் இல்லாதவர்கள் முதலில் வழிகாட்டப்படுபவராக ஒரு சுற்று முடிக்க வேண்டும் என்பது விதி. பதினைந்து நாளுக்கு ஒரு போன், மொத்தம் ஆறு. முடிந்ததும் வழிகாட்டி கையெழுத்துப் போட்டால் சான்று. ஏப்ரல் கடைசியில் முடிந்துவிடும், மே மாதத்துக்கு முன்னால். எனக்குத் தெரிந்து இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

இதெல்லாம் எதுக்கு, கூட்டம் கூடிக் காப்பி குடிக்கிறீங்க என்று நீங்கள் கேலி செய்வீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஆண்கள் சாயங்காலம் டீக்கடைக்குப் போகிறார்கள். எந்த இடம் காலியாகிறது, யார் மாற்றலாகிறார், எல்லாம் அங்கேயே பேசி முடிந்துவிடும். அதற்கு ஒரு பெயரும் கிடையாது, படிவமும் கிடையாது. நாங்கள் காலையில் வந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அந்த டீக்கடைக்குப் பதிலாகத்தான் இந்த வட்டம். நாங்கள் செய்தால் மட்டும் அதற்குத் திட்டம், விதி, கழுத்தில் அட்டை எல்லாம் வேண்டியிருக்கிறது.

ஆறே ஆறு போன், அண்ணி. எனக்காக.

உங்கள் சிட்டு

*

பிப்ரவரி 12

அன்புள்ள சிட்டு,

இருமலுக்கு மருந்து சாப்பிடு, வெந்நீரை மட்டும் குடித்துக்கொண்டு இருக்காதே. உன் அண்ணன் வங்கிக் கிளை மாற மாட்டாராம். 'அவ சொன்னா நான் கேக்கணுமா? சின்னப் பொண்ணு' என்கிறார். உனக்கு நாற்பத்தாறு என்று சொன்னேன். நம்பவில்லை.

ஒப்புக்கொண்டேன். மனசார இல்லை. அதை எழுதி வைத்துக்கொள்.

போன வருடம் உங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 'தொடர்பு வளர்க்கும் நேரம்' என்று ஒன்று வைத்தீர்கள். ஆளுக்கு ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஐந்து பேரோடு பேச வேண்டும். பட்டம் பெற்றவர்களுக்கு நீல அட்டை, இணை உறுப்பினருக்குப் பச்சை அட்டை. கூட்டத்தில் பச்சை அட்டை நாங்கள் மூன்று பேர். ஒரு நீல அட்டை என்னிடம் வந்து, 'நீங்க யாரோட வந்தீங்க?' என்று கேட்டாள். 'என் காலோட வந்தேன்' என்றேன். அன்றைக்கு நான் வளர்த்த தொடர்பு அவ்வளவுதான்.

முதல் அழைப்பு வந்தது. குரல் கீச்சென்று இருக்கிறது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சிரிப்பு. சின்ன டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கையில் ஏதோ தாளை வைத்துக்கொண்டு கேட்கிறாள் என்பது நன்றாகவே தெரிந்தது.

'இன்னும் அஞ்சு வருஷத்துல உங்கள எங்க பார்க்கறீங்க, மேடம்?'

'பென்ஷன் வரிசையில.'

'இல்ல மேடம், உங்க கனவு...'

'தூக்கம் வந்தாத்தானேம்மா கனவு.'

சிரித்தாள். பிறகு, 'உங்க பலம் என்ன, பலவீனம் என்ன?' என்றாள். பலவீனம் என்று ஒன்றைச் சொன்னால்தான் விடுவேன் என்பதுபோல் காத்திருந்தாள். 'போன்ல பேசறது' என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். பட்டம் இல்லாதவர்கள் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முதலில் வழிகாட்டப்படுபவராகத்தான் இருக்க வேண்டும் என்ற அந்த விதியை எழுதியது யார்?

அண்ணி

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். மருந்து சாப்பிட்டேன், இருமல் போய்விட்டது. நீங்கள் சொன்னால் கேட்பேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

முதல் அழைப்பைப் பற்றி அவளும் எழுதியிருந்தாள். 'அந்த மேடம் ரொம்ப சிரிக்க வைக்கிறாங்க' என்று. உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அந்தக் கேள்வித்தாள் அவளுடையது இல்லை, வட்டம் தந்தது. இனிமேல் அதை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறேன். பேசுங்கள், அவளுக்கும் விஷயம் தெரியும்.

இன்னொரு சமாசாரம், வெளியே சொல்லாதீர்கள். சுற்றில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வேலை எடுத்துக்கொள்ள வேண்டும், சான்றுக்குப் பிறகு முடித்தாலும் போதும். உங்களுக்கு என்ன தரலாம் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. நாங்கள் இத்தனை பேரும் ஊர்க் காகிதத்தை எல்லாம் காப்பாற்றுகிறோம், வட்டத்தின் சொந்தக் காகிதம் ஆரம்ப நாளிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதற்கு மேல் அவருடைய பழைய செருப்பு. அதை ஒழுங்குபடுத்தித் தருகிறீர்களா? எனக்கு வேறு யாரிடமும் கொடுக்க வெட்கமாக இருக்கிறது.

ஊரில் வெயில் ஆரம்பித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு

*

மார்ச் 30

அன்புள்ள சிட்டு,

வெயில்தான். பதிவறையில் இருக்கும் ஒரே மின்விசிறியும் நில அளவைக் கட்டுகள் பக்கம் திரும்பி நிற்கிறது. எனக்கு வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கு முடியாதே.

பெட்டியை அனுப்பு. செருப்பை எடுத்துவிட்டு அனுப்பு.

விதியை எழுதியது யார் என்ற கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

நேற்று நாலாவது அழைப்பு. நடுவில் இரண்டு பரவாயில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை எப்படி எடுப்பது என்று அரை மணி நேரம் பேசினோம். நேற்றுத்தான் கெட்டுப்போயிற்று. வெளியிலிருந்து வரும் காகிதத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பின்பக்கத்துத் தனி அறையில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்துருண்டை போட்டு, நாடா ஒட்டி, எட்டு வாரம் வைப்பேன், யார் கேட்டாலும் நடுவில் திறக்க மாட்டேன் என்றேன். நானே ஏற்படுத்திய முறை. இத்தனை வருடத்தில் பூச்சி ஒன்றுகூட என் அறைக்குள் நுழைந்ததில்லை.

'அந்துருண்டை முட்டையக் கொல்லாது, மேடம்' என்றாள். இந்த முறை சிரிப்பு இல்லை. 'உறையில நல்லா மூடி குளிர்பெட்டியில வெச்சா ரெண்டு வாரத்துல எல்லாம் செத்துடும். நாங்க அப்படித்தான் செய்யறோம்.'

'காகிதம் என்ன மீனா, ஐஸ்ல வெக்க?'

'இல்ல மேடம், எட்டு வாரம் மூடி வெச்சா வெளிய வராது, சரி. ஆனா உள்ள இருக்கறதத் தின்னுமே...'

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. 'என் சர்வீஸ் உன் வயசும்மா' என்றேன். 'அருங்காட்சியகத்துல ஏசி அறையில உக்காந்துகிட்டு எங்களுக்கு வழி காட்ட வந்துட்டீங்க. கழுத்துல நீல அட்டை மாட்டினா எல்லாம் தெரிஞ்சுடுமா?' இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், அதை எழுத வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, 'சரிங்க மேடம், நன்றி' என்று வைத்துவிட்டாள்.

சொன்னது தப்பில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அண்ணி

*

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். எல்லோரும் நலம். அங்கேயும் நலம்தானே?

பெட்டியை லாரிப் பார்சலில் போட்டிருக்கிறேன். வந்தவுடனே திறந்து பாருங்கள். மேலேயே எல்லாம் இருக்கிறது.

சிட்டு

*

மே 2

அன்புள்ள சிட்டு,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ எனக்கு எழுதியதே இல்லை. உடம்புக்கு ஏதாவது மறைக்கிறாயா? உன் அண்ணனும் அதையே கேட்டார்.

பெட்டி வந்து சேர்ந்தது. தூக்கி வந்தவர் கீழே வைத்ததும் தரையில் மாவு மாதிரி ஒரு தூள் வட்டம். அட்டையின் அடிமூலையில் ஊசி குத்தியதுபோல் துளைகள். ஆவணக் காப்பாளர்களின் பெட்டி என்று வெளியே சொல்லாதே, மானம் போய்விடும். உடனே உறைக்குள் போட்டு, அந்துருண்டை வைத்து, நாடா ஒட்டி, தனி அறையில் வைத்துவிட்டேன். ஜூன் கடைசியில் திறப்பேன்.

சின்ன டீச்சரிடமிருந்து ஏப்ரல் மாதம் முழுக்க அழைப்பே இல்லை. வழி காட்ட வந்தவள் வழியிலேயே நின்றுவிட்டாளா? ஐந்தும் ஆறும் எப்போது? விண்ணப்பத்துக்கு இந்த மாதக் கடைசி என்று அவளுக்குத் தெரியுமா? நீ சொல்லக் கூடாதா?

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அண்ணி

*

மே 9

அண்ணி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். தயவுசெய்து பெட்டியை இன்றைக்கே திறங்கள். மேலே ஒரு பழுப்பு உறை இருக்கும். அதற்குள் உங்கள் சான்றுப் படிவம், வழிகாட்டியின் கையெழுத்தோடு. மற்றக் கையெழுத்துகளும் முடிந்தன. நீங்கள் கீழே ஒரு கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியதுதான் பாக்கி. திறந்ததும் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள் என்று உள்ளே வைத்தேன். தனியாகத் தபாலில் அனுப்பியிருக்க வேண்டும், என் புத்தி.

மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்த் திறங்கள். உறையை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி மூடிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

சிட்டு

*

மே 15

அன்புள்ள சிட்டு,

நலம். உன் கடிதத்தை உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். அவரும் உன் கட்சி. 'மாடியில வெச்சுத் திறந்தா யாருக்குத் தெரியப் போகுது?' என்றார். 'பூச்சிக்குத் தெரியும்' என்றேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நீ கேட்டுக்கொள். போன வருடம் நம் நகராட்சிப் பொறியாளர் ஒரு வரைபடம் கேட்டார். வேறொரு அலுவலகத்திலிருந்து வந்த கட்டு, தனி அறையில் மூன்றாவது வாரத்தில் இருந்தது. நீதிமன்ற வேலை, அவசரம் என்றார். தர மாட்டேன் என்றேன். ஆணையர் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கும் தர மாட்டேன் என்றேன். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே முறைதான் என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அந்த மெமோ இன்னும் என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. ஆணையருக்குத் திறக்காத கதவை எனக்கு ஒரு லாபம் என்றதும் திறந்தால், அன்றைக்கு நான் செய்தது வெறும் வீம்பு என்றாகிவிடும். பொறியாளர் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியாது. ராத்திரி படுத்தால் அந்தப் பலகைதான் கண்ணில் நிற்கிறது, அடைப்புக்குறி இல்லாமல். ஆனால் அந்த வேலை என்பதே இதுதான், சிட்டு. திறக்காமல் இருப்பது.

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? படிவம் வெறும் தாள்தானே. இன்னொன்றை எடுத்து அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இன்னொன்றும் சொல். நாலு அழைப்புதான் ஆகியிருக்கிறது. ஆறும் முடிவதற்கு முன்னால் அவள் எப்படிக் கையெழுத்துப் போட்டாள்?

அண்ணி

*

மே 21

அண்ணி,

சொல்லக் கூடாது என்று இருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

அவள் வட்டத்தில் இல்லை. உங்கள் நாலாவது அழைப்பு முடிந்த அடுத்த வாரமே விலகிவிட்டாள். என் வீட்டுக்கு வந்து, உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொன்னாள்: 'அவங்களுக்கு வேலை தெரியும்க்கா. எனக்குத்தான் அவங்களோட பேசத் தெரியல. அதுக்காக அவங்க சான்று நிக்க வேண்டாம்.' படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு விலகல் கடிதத்தை நீட்டினாள். அந்த வரிசையில்தான் செய்தாள். உறுப்பினர் போட்ட கையெழுத்துதான் செல்லும். அவள் இப்போது உறுப்பினர் இல்லை. இன்னொரு தாளில் இனிமேல் அவள் போட்டாலும் செல்லாது. அந்த ஒரு தாள்தான் இருக்கிறது, அது உங்கள் அந்துருண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தபாலில் அனுப்பினால் நாலு அழைப்பிலேயே எப்படி என்று கேட்பீர்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெட்டியைப் பார்த்த மும்முரத்தில் கேட்க மாட்டீர்கள் என்றுதான் உள்ளே வைத்தேன்.

மூன்று வருடமாக வீடு வீடாகப் போய் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சேர்த்தேன். கடைசியாகச் சேர்ந்தவர்களில் நல்லவள் அவள்தான். அவள் சொன்னபடி குளிர்பெட்டியில் வைத்திருந்தால் உங்கள் பெட்டி இந்நேரம் திறந்திருக்கும். உங்கள் விதிக்கும் குறையில்லை, உங்கள் விண்ணப்பத்துக்கும் குறையில்லை.

எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

சிட்டு

*

ஜூன் 14

அண்ணி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்து, 'அவ நல்லா இருக்கா, ஆபீஸ் போறா, வர்றா' என்கிறார். எனக்கு ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

சிட்டு

*

ஜூலை 3

அன்புள்ள சிட்டு,

அண்ணிதான். உன் இரண்டு கடிதமும் வந்தன. உன் அண்ணன் சொன்னது சரி, நன்றாகத்தான் இருக்கிறேன். அவருக்கு முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. வங்கிக் கிளையை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அந்தக் காசாளர் ஓய்வு பெற்றுவிட்டாராம்.

மே மாதக் கடைசி நாள் வந்தது, போயிற்று. நான் திறக்கவில்லை. சான்று இல்லாமலே விண்ணப்பத்தைக் கொடுத்தேன். 'இணைப்பு இல்லை' என்று சிவப்பு மையால் எழுதி மறுநாளே என் மேஜைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், வணிகவியல் பட்டம். பாவம், நல்ல மனுஷன்தான். 'மேடம், இது எங்க இருக்கு, அது எங்க இருக்கு' என்று நாள் முழுக்க என் பின்னாலேயே வருகிறார். சொல்கிறேனா என்று கேட்காதே. என் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அடைப்புக்குறி போயிற்று, உள்ளே இருந்ததும் போயிற்று.

வந்த முதல் வாரமே அவர் தனி அறையை எட்டிப் பார்த்து, 'இந்தப் பெட்டி ஏன் மேடம் தனியா இருக்கு? எடுத்து அலமாரியில வெச்சுடலாமே' என்றார். 'கை வெச்சீங்கன்னா நான் லீவு போட்டுடுவேன்' என்றேன். கையை எடுத்துவிட்டார்.

எட்டு வாரம் முடிந்து போன வாரம் திறந்தேன். பின்பக்கத்து முற்றத்தில், வெள்ளைத் துணி விரித்து. மேலே உன் பழுப்பு உறை அப்படியே இருந்தது. அவள் கையெழுத்து சின்னதாக, சாய்வாக இருக்கிறது. மனசு வேறெங்கோ இருக்கும்போது போட்ட கையெழுத்து மாதிரித் தெரியவில்லை, நிதானமாகத்தான் போட்டிருக்கிறாள்.

அடியில் இருந்தவை போயின. முதல் இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகள் சல்லடை. வருகைக் கையெழுத்துகள் பாதிக்கு மேல் இல்லை. தூக்கினால் கையோடு உதிர்கிறது. புழுக்கள் உயிரோடு இருந்தன, நன்றாகக் கொழுத்து. அந்துருண்டை போட்டபடியே உருண்டையாக இருந்தது. எட்டு வாரமும் என் அறைக்குள் ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்ததைத் தின்றுகொண்டிருந்தன.

அந்தப் பட்டம் பற்றிய விதி எழுதின பக்கத்தைப் பூச்சி தொடக்கூட இல்லை. அதற்கும் ருசி தெரியும் போலிருக்கிறது. கையால் எழுதிய பக்கம். யார் கையெழுத்து என்று நான் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். நீயும் இனிமேல் சொல்ல வேண்டாம்.

மிச்சம் இருப்பதை மறுபடி உறையில் போட்டு மூடியிருக்கிறேன். அதில் இன்னும் முட்டை இருக்கும். நம் தெருமுனை மீன்கடைக்காரரிடம் பேசினேன். 'என்னம்மா, ஆபீஸ் பெட்டிய மீனோட வெக்கணுமா?' என்று கடையில் இருந்த எல்லோரும் கேட்க உரக்கக் கேட்டார். 'ஆமா' என்றேன். சிரித்து ஓய்ந்ததும், பழைய குளிர்பெட்டி ஒன்று சும்மாதான் இருக்கிறது, காலி செய்து தருகிறேன் என்றார். எவ்வளவு குளிர் வேண்டும், வெளியே எடுத்ததும் உடனே பிரிக்கலாமா, காகிதத்தில் ஈரம் பூக்காதா, இதெல்லாம் எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. பழைய புத்தகக் கடை, உனக்குத் தெரியுமே.

அந்தப் பெண்ணுடைய எண்ணை எனக்கு அனுப்பு. எங்கள் அலுவலகத்தில் குறித்து வைத்திருந்த தாளை அன்றைக்கே கிழித்துவிட்டேன். நீ கேட்டுச் சொல்லாதே, நான்தான் கேட்பேன். வட்டத்திலிருந்து அவள் விலகினால் அது உன் வட்டத்துக்கும் அவளுக்கும். எனக்கு ஆறு அழைப்பு என்று எழுதித் தந்திருக்கிறீர்கள், தேதி போட்டு, முத்திரையோடு. கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாலுதான் வந்திருக்கிறது. பாக்கி இரண்டையும் அவள் தரத்தான் வேண்டும்.

எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவேன் என்று அவளிடம் சொல்லி வை. மீன்கடைக்காரர் திங்கட்கிழமை பெட்டியைக் காலி செய்துவிடுவார்.

அண்ணி